தோலுக்கு அடியில் நின்ற மருந்து

"இன்னா மாணிக்கம், புல்லு போடுற ஊட்டுப் பொண்ணு வந்து எம் மாட்டுக்கு ஊசி போடப் போவுதா? சங்கத்துக்கு ஆம்பளை ஆளு ஒருத்தனும் கெடைக்கலியா?"

என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கன்னியம்மாள் அக்கா இப்படிக் கேட்டார். எண்பதுகளின் நடுப்பகுதி. பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் சென்னீர்குப்பத்தில் அவர் வீட்டு மாட்டுக்கொட்டகை. பால் கூட்டுறவுச் சங்கத்தில் கால்நடை முதலுதவியாளராகச் சேர்ந்த முதல் வாரம். சங்கச் செயலாளர் மாணிக்கம் அண்ணன் என்னை வீடு வீடாக அழைத்துப்போய் அறிமுகம் செய்துகொண்டிருந்தார். கேள்வி அவரிடம் கேட்கப்பட்டது. பதில் நான் சொன்னேன்.

"புல்லு போடுற ஊடுதான்க்கா. உங்க மாடு எந்தப் புல்லைத் தின்னும், எதை ஒதுக்கும்னு எங்கம்மாவுக்குத் தெரியும். மீதிய நான் படிச்சிக்கினு வந்துகீறேன்."

மாணிக்கம் அண்ணன் சிரித்துவிட்டார். கன்னியம்மாள் சிரிக்கவில்லை. என் அம்மா ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் புல் அறுத்து, கட்டைத் தலையில் சுமந்து வந்து, அந்தக் கொட்டகையின் பின்பக்கப் படலைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவர். நான் முன்வாசல் வழியாக வந்தேன். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பணி ஓய்வு பெற்றவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்று பயிற்சி மையத்தில் கேட்டார்கள். எனக்கு ஓய்வு பெறும் வயது இன்னும் வரவில்லை. ஊரில் வயல்கள் மனைகளாகி, மாடுகள் குறைந்து, போன வருடம் சங்கத்தை மூடிவிட்டார்கள். அதனால் நானும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டேன். சரி, எழுதலாம் என்று ஒப்புக்கொண்டதற்குக் காரணம் அங்கே பயிற்சியில் இருக்கும் ஒரு பெண் கேட்ட கேள்வி. "அக்கா, கால்சியத்தை எங்களைத் தோலுக்கு அடியில மட்டும்தான் போடச் சொல்றாங்க. நரம்புல போட்டா தப்பா?" நின்ற இடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கைநாட்டு. அம்மாவுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. எவரும் அவரிடம் எதிலும் கையெழுத்துக் கேட்டதில்லை. எட்டாவது படிக்கும்போது இதயத்தின் படம் வரைந்துகொண்டிருந்தேன். அம்மா குனிந்து பார்த்தார்.

"இது இன்னாடி, ரூமு ரூமா கீது?"

"இதயம்மா. இங்கேர்ந்து ரத்தம் கெளம்பி ஒடம்பு முழுக்கப் போவும். சோறு, தண்ணி, காத்து எல்லாத்தையும் தூக்கினு போயி எறக்கிட்டு வரும்."

"எந்நேரமுமா?"

"எந்நேரமும். தூங்கறப்பவும்."

"அய்ய, எம் பொழப்புதான் அதுக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். பரீட்சையில் அந்தப் படத்துக்கு எனக்கு முழு மதிப்பெண். பிறகு பன்னிரண்டாவது, அதன்பின் முதலுதவிப் பயிற்சி. என் வகுப்பில் பெண்கள் மிகச் சிலரே. பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. படித்தேன், தேறினேன்.

முதலுதவியாளரின் வேலை காயத்துக்கு மருந்து வைப்பது, சினை ஊசி போடுவது, பெரிய நோய் என்றால் டாக்டரை வரவழைப்பது. எங்கள் பகுதிச் சங்கங்களுக்கெல்லாம் ஒரே டாக்டர், ஒரே ஜீப். டாக்டரின் பெயர் தயாளன். வேலூர்ப் பக்கத்துக்காரர். மாட்டுக்காரர்களை "யோவ்" என்பார். அவர்களின் மாடுகளுக்கு மரியாதை. "கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா, முடிஞ்சிடுச்சு. காலை எடுங்கம்மா." மாட்டுக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவர் கவனித்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். மாட்டைத் தொடும் முன்பு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். தொட்ட பின்பும் அதே போல. தண்ணீர் ஊற்றுகிறவர் அவசரப்பட்டால் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து எல்லோரும் நிதானமாக ஊற்றப் பழகியிருந்தார்கள்.

கால்சியம் பாட்டில் ஏற்றுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, மாட்டின் உடம்புச் சூடு வரும்வரை வைத்திருப்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். முதல் முறை எனக்கு இது விசித்திரமாக இருந்தது. ஊசி மருந்தை நேரம் பார்த்துப் போட வேண்டும் என்றுதானே படித்திருக்கிறோம்?

"கடிகாரம் பார்த்தா கை முடிக்கத்தான் பார்க்கும். காதால கேட்டுப் போடணும்" என்றார். ரப்பர் குழாய் மாட்டின் கழுத்தில் இருக்கும். பாட்டில் உதவியாளர் கையில். ஸ்டெதஸ்கோப் மாட்டின் முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சில். பாட்டிலை உயர்த்தினால் மருந்து வேகமாக இறங்கும், தாழ்த்தினால் மெதுவாகும். இதயத் துடிப்பு தடுமாறினால் அவர் இடது கையின் ஒரு விரல் கீழே இறங்கும். பாட்டிலும் இறங்க வேண்டும். மருந்து முடியும்வரை வேறு பேச்சு கிடையாது. கொட்டகையில் இருப்பவர்கள் இருமலைக்கூட அடக்கிக்கொள்வார்கள்.

இந்தக் கால்சியம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் நாட்டு மாடுகள் இருந்தவரை இந்த நோயை யாரும் பெரிதாகப் பார்த்ததில்லை. எண்பதுகளில் சினை ஊசியால் ஜெர்சிக் கலப்பு மாடுகள் வந்தன. செம்பு அளவு கறந்த வீட்டில் வாளி வாளியாகக் கறந்தார்கள். பாலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து எல்லாம் ரத்தத்திலிருந்துதான் மடிக்குப் போகிறது. ரத்தத்துக்கு அது எலும்பிலிருந்தும் தீனியிலிருந்தும் வந்து சேர வேண்டும். வருவது மெதுவாக வரும். மடி அதற்கு முன்பே இழுத்துக்கொண்டுவிடும். ரத்தத்தில் அந்தச் சத்து வற்றினால் தசைகள் சொன்னபடி கேட்காது, மாடு விழும். கடைசியில் இதயமும் ஒரு தசைதானே. புத்தகத்தில் இதற்குப் பெயர் பால் காய்ச்சல். ஆனால் தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் இருக்காது. காது சில்லென்று இருக்கும்.

இதில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்று சேர்ந்துகொண்டது. கன்று ஈன்றவுடன் வரும் சீம்பாலை விற்கக் கூடாது, தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டை விட்டாலும் பேச்சு வரும். நல்ல வழக்கம்தான். நாட்டு மாட்டின் மடியில் சுரந்தது தெருவுக்கு ஆளுக்கு ஒரு கரண்டி வரும், மாட்டுக்கும் ஒன்றும் ஆகாது. கலப்பு மாட்டிடம் கறக்கக் கறக்க வந்தது. கொடுப்பவர்களின் கை நீண்டது. ஆவடி ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்புகளில் திருநெல்வேலி, மதுரை, கோயம்புத்தூர் என்று எல்லா ஊர்க் குடும்பங்களும் இருந்தன. எங்கள் மாட்டுக்காரர்களிடம் பால் வாங்குகிறவர்கள். சீம்பால் என்றால் ஊர் ஞாபகம் வந்து முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். அங்கேயும் கேன்கள் போயின. மடியை ஒட்ட ஒட்டக் கறந்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, மறுநாள் மாடு படுத்துக்கொண்டதும் கண் பட்டுவிட்டது என்பார்கள்.

நான் பார்த்த முதல் சாவு குத்தம்பாக்கத்தில். மாடு விழுந்து நேரமாகிவிட்டது. முதலுதவியாளர் கால்சியத்தைத் தோலுக்கு அடியில் மட்டுமே போடலாம் என்பது டாக்டர் வைத்த விதி. அதன்படி தோளுக்குப் பின்னால் தோலைத் தூக்கிப் பிடித்துப் போட்டேன். உள்ளங்கை அகலத்துக்குப் புடைத்து நின்றது. தேய்த்துவிட்டேன். ஜீப் வருவதற்குள் மாடு போய்விட்டது. மாட்டுக்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றார்.

டாக்டர் வந்தார். கை கழுவினார். புடைப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மாட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, பிளேடால் தோலைக் கொஞ்சம் கீறினார். நான் போட்ட மருந்து கலங்காமல் தெளிவாக வெளியே ஓடியது.

"பாருங்க. குடுத்தது அப்படியே இருக்கு. குளிர்ந்து போன மாடு ரத்தத்தை உள்ளுக்குள்ளயே வெச்சுக்கும், தோலுக்கு அனுப்பாது. எடுத்துட்டுப் போக ரத்தம் வரல."

என் மேல் குற்றம் சொல்லவில்லை. அவர் விதிப்படிதான் செய்திருந்தேன். திரும்பும்போது ஜீப்பில் கேட்டேன்.

"அப்போ எங்களுக்கும் நரம்பில போடக் கத்துக் குடுங்க சார்."

"கூடாது."

"ஏன் சார்?"

ஜீப் திருமழிசை தாண்டியது. பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாட்டுக்கு நரம்பில் ஏற்றியிருக்கிறார். அடுத்த ஊரிலிருந்து ஆள் வந்து காத்திருந்தான். பாட்டிலைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். மாடு ஒரு முறை காலை உதைத்தது. அவ்வளவுதான். "பாட்டில்ல பாதி மீதி இருந்துச்சு. எம் பேச்சை நம்பிப் பாட்டிலைப் புடிச்சவர் அந்த மாட்டுக்காரர்" என்றார். விதி எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது புரிந்தது. அது சரி என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு அவர் பாட்டில் ஏற்றும்போதெல்லாம் கழுத்தைப் பிடிப்பது என் வேலை ஆனது. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஊரில் நரம்பு என்று சொல்வது கழுத்து ரத்தக்குழாயைத்தான். கழுத்தின் பள்ளத்தில் கட்டைவிரலை ஆழ அழுத்தினால், தலையிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் அங்கே தடைபட்டு, விரலுக்கு மேலே குழாய் கயிறு மாதிரி எழும்பும். விரலை எடுத்தால் அமுங்கிவிடும். எந்த மாட்டுக்கு எவ்வளவு அழுத்தினால் எழும்பும் என்று என் விரலுக்குப் பழகியது. அவர் அசந்த நேரத்தில் மாட்டின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பேன். அவர் பார்த்தும் தடுக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி. மழை விட்டிருந்த மதியம். மாணிக்கம் அண்ணன் மொபெட்டில் வந்து, "அம்சா, கன்னியம்மா ஊட்டு செவலை வுழுந்துடிச்சி, கெளம்பு" என்றார்.

கன்னியம்மாளின் கணவருக்கு அதற்கு முந்தைய வருடம் குமணன்சாவடியில் லாரி மோதி இடுப்பு உடைந்திருந்தது. உள்ளறையில் படுக்கையில் இருந்தார். நிலம் குத்தகைக்குப் போய்விட்டது. கொட்டகையில் இருந்தவற்றில் பால் கறக்கிற மாடு செவலை ஒன்றுதான். அந்தப் பால்தான் அந்த வீடு. முந்தின நாள் மூன்றாம் ஈற்றாகக் கிடாரிக் கன்று போட்டிருந்தது.

நான் போனபோது செவலை கழுத்தை வளைத்துத் தலையை வயிற்றின் மேல் சாய்த்துக் கிடந்தது. மூக்கு காய்ந்திருந்தது. காது ஈரத் துணி மாதிரி சில்லிட்டிருந்தது. மடி துவண்டு தொங்கியது.

"எவ்வளவுக்கா கறந்தீங்க?"

"குவார்ட்டர்ஸ்ல எல்லாரும் கேட்டு வெச்சிருந்தாங்கமே. போன தபா குடுக்கலன்னு ஒருத்தி மூஞ்சத் தூக்கினு இருந்தா. கறந்துகினே இருந்தேன், வந்துகினே இருந்திச்சி. சொட்டு இல்லாம கறந்துட்டேன்."

பக்கத்து வீட்டுக்காரர் மூங்கில் குழாயில் சுக்குக் கஷாயத்தோடு நின்றிருந்தார். "நீ தள்ளு பொண்ணு, இத ஊத்தினா ஒரே தாவா தாவி எழுந்துக்கும்" என்றார்.

"முழுங்க முடியாத மாட்டுக்கு ஊத்தினா நேரா நுரையீரலுக்குப் போவும். கொழாயக் கீழ வைங்கண்ணா. நீங்க வேணா குடிங்க, மழைக்கு நல்லது."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். டாக்டருக்குப் போன் செய்ய மாணிக்கம் அண்ணனைக் குமணன்சாவடிக்கு அனுப்பினேன். விதிப்படி ஒரு பாட்டிலில் பாதியைத் தோலுக்கு அடியில் போட்டேன். புடைத்து நின்றது. தேய்த்தேன். அசையவில்லை. குத்தம்பாக்கத்தில் பார்த்த அதே புடைப்பு.

மாணிக்கம் அண்ணன் திரும்பி வந்தார். ஜீப் திருவள்ளூர்ப் பக்கம் போயிருக்கிறது. வழியில் போன் இருக்கிற சங்கத்துக்கு வந்தால் சொல்கிறார்களாம். எப்போது என்று தெரியாது. அதற்குள் செவலை பக்கவாட்டில் சாயத் தொடங்கியது. முழுதாகச் சாய்ந்தால் வயிறு உப்பி மூச்சை அடைக்கும். முட்டுக் கொடுக்க மூட்டை கேட்டுக் கத்தினேன். பின்பக்கப் படல் திறந்தது. அம்மா, தலையில் புல்லுக்கட்டோடு.

என்ன என்று அவர் கேட்கவில்லை. கட்டைக் கொண்டுவந்து செவலையின் விலாவுக்கு அடியில் திணித்தார். திரும்பப் போய் வெளியில் வைத்திருந்த இன்னொரு கட்டையும் கொண்டுவந்தார். இரண்டு பேருமாகத் தோள் கொடுத்துத் தள்ளினோம். செவலை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்ந்து உட்கார்ந்தது. அம்மா அதன் முதுகில் தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டார்.

நான் கன்னியம்மாள் பக்கம் திரும்பினேன்.

"அக்கா, நல்லாக் கேட்டுக்கங்க. நரம்புல மருந்து போட்டா எழுந்துக்கலாம். வேகமாப் போயிட்டா இதயம் நின்னுடும், இங்கயே, நம்ம கண்ணு முன்னாடி. அதப் போட எனக்கு உத்தரவு இல்ல. போடலன்னா டாக்டர் வர்றவரைக்கும் தாங்காது. மாடு உங்களுது. நீங்க சொல்லுங்க."

"நீ போட்டுகிறியா இதுக்கு மின்ன?"

"இல்ல. கழுத்தப் புடிச்சிருக்கேன், பாத்திருக்கேன். போட்டதில்ல."

அவர் என்னைப் பார்த்தார். என் அம்மாவைப் பார்த்தார். உள்ளறையிலிருந்து அவர் கணவர், "இன்னா கன்னிமா, எழுந்துச்சா?" என்று குரல் கொடுத்தார். கன்னியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"போட்டுகீறேன்னு பொய் சொல்லியிருந்தா வெளிய போடின்னு சொல்லியிருப்பேன்" என்றார். "போடு."

அந்த மாடு என் கையில் செத்தால் விதியை மீறிக் கொன்றவள் ஆவேன். வேலை போகும். அதைவிட, அதற்குப் பிறகு எந்தக் கொட்டகையிலும் புல்காரியின் மகளை முன்வாசலில் விட மாட்டார்கள். பயப்படவில்லை என்று எழுத மாட்டேன். ஆனால் கை கழுவினேன், முழங்கை வரை, அவர் கழுவுகிற மாதிரி. பாட்டிலை வெந்நீர் வாளியில் போட்டு என் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தேன். கடிகாரத்தைக் கழற்றி மாணிக்கம் அண்ணனிடம் கொடுத்தேன். பாட்டிலைக் கன்னியம்மாள் கையில் கொடுத்தேன்.

"மாட்டுத் தோள் உயரத்துல புடிங்க. அதுக்கு மேல தூக்கக் கூடாது. நான் சொன்னா எறக்கணும்."

கழுத்தில் கட்டைவிரலை அழுத்தினேன். எதுவும் எழும்பவில்லை. ஓடுகிற ரத்தம் அவ்வளவு மெலிந்திருந்தது. விரலை எடுக்காமல் காத்திருந்தேன். அம்மா என்னைப் பார்க்காமல் கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல, விரலுக்கு மேலே, ஒரு தளர்ந்த கயிறு எழும்பியது. ஊசியைச் செலுத்தினேன். கறுத்த ரத்தம் சொட்டாக வந்தது. குழாயை மாட்டினேன். பாட்டிலில் முதல் குமிழி ஏறியது.

என்னிடம் ஸ்டெதஸ்கோப் கிடையாது. முழங்கால் போட்டு, செவலையின் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சில் காதை வைத்தேன். சாணியும் வியர்வையுமாக வாடை. தூரத்தில் யாரோ ஈரத் தரையில் வேகமாக ஓடுவது போலத் துடிப்பு. கேட்டுக்கொண்டே இருந்தேன். ஓட்டம் நடையாவது போல அது நிதானப்பட்டது, அழுத்தமானது. நல்லது என்று நினைத்த நேரத்தில் ஒரு துடிப்பு வரவில்லை. அடுத்தது வந்தது. அதற்கு அடுத்தது வரவில்லை.

"எறக்கு!" என்று கத்தினேன். அக்கா என்று சொல்லவில்லை, மரியாதை போடவில்லை.

கன்னியம்மாள் பாட்டிலோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். குழாயில் மருந்து நின்றது. ஒரு நொடி செவலையின் ரத்தமே குழாயில் பின்னோக்கி வந்தது.  என் காதுக்குள் துடிப்பு தடுமாறி, தடுமாறி, பிறகு வரிசைக்கு வந்தது. நான் டாக்டர் செய்வது போல ஒரு விரலை மேலே தூக்கினேன். கன்னியம்மாளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பாட்டில் ஒரு சாண் மேலே வந்தது, அதற்கு மேல் வரவில்லை. பாட்டில் ஆடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து முழங்காலில் ஊன்றியிருந்தார்.

முதலில் தொடைச் சதை நடுங்கியது. பிறகு ஏப்பம். வயிற்றின் அடியாழத்திலிருந்து, புளித்த வாசனையோடு, நீளமாக. அதைக் கேட்டதும் அம்மா முதுகை எடுக்காமலேயே, "உசுரு வந்துடிச்சி" என்றார். பாட்டில் முடிந்து ஊசியை எடுத்த பிறகு சாணம் போட்டது. அம்மாவின் சேலை முழுக்க. யாரும் சிரிக்கவில்லை, அம்மாவைத் தவிர.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஜீப் வந்தது. செவலை தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது. மூக்கில் முத்து முத்தாக ஈரம். டாக்டர் கை கழுவினார். தரையில் கிடந்த குழாயைப் பார்த்தார். கழுத்தில் ஊசி இறங்கிய இடத்தைப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"எழுந்திருங்கம்மா" என்று சொல்லி விலாவில் தட்டினார். செவலை பின்னங்காலை ஊன்றி, ஒரு முறை தள்ளாடி, எழுந்து நின்றது.

"மருவாதி குடுத்தாத்தான் எழுந்துக்குது பாரு" என்றார் கன்னியம்மாள். அன்று அவர் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு அது. சொன்ன பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

டாக்டர் என்னிடம் வந்தார்.

"நான் எங்க போடச் சொல்லியிருக்கேன்?"

"தோலுக்கு அடியில சார்."

"ஏன் போடல?"

"போட்டேன். போட்ட எடத்துலயே நின்னுடுச்சு."

அவர் திரும்பிப் போய்த் தோளுக்குப் பின்னால் தடவினார். "எங்க? இங்க ஒண்ணும் இல்லையே."

நானும் தொட்டுப் பார்த்தேன். புடைப்பு அமுங்கியிருந்தது. தோல் வெதுவெதுப்பாக இருந்தது.

"இப்போ எடுத்துட்டுப் போக ரத்தம் வருது சார்" என்றேன்.

அவர் மறுபடி கை கழுவினார். நான்தான் தண்ணீர் ஊற்றினேன், நிதானமாக. கழுவி முடித்துச் சொன்னார்: "மாடு பிழைச்சது வேற. நீங்க செஞ்சது வேற. எங்கிட்ட கேட்டிருந்தா கூடாதுன்னுதான் சொல்லியிருப்பேன். நாளையிலேர்ந்து இந்த மாதிரி கேஸ் எங்க இருந்தாலும் நீங்க ஜீப்ல வரணும்." அது தண்டனையா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த அழைப்பில் ஸ்டெதஸ்கோப்பை என் கழுத்தில் மாட்டிவிட்டு, பாட்டிலை அவர் பிடித்தார். என் விரல் இறங்கியபோது அவர் கை இறங்கியது. எல்லா மாடுகளும் எழுந்துவிடவில்லை. எழாத மாடுகளின் பக்கத்திலும் அவர் அதே போலக் கை கழுவினார்.

செவலைக்கு அடுத்த ஈற்றில் கன்னியம்மாள் பாதி மடிதான் கறந்தார். தெருவில் சில வீடுகளுக்குச் சீம்பால் போகவில்லை. கை சுருங்கிவிட்டது என்று பேச்சு கிளம்பியது. "முனியம்மா பொண்ணு கறக்கக் கூடாதுன்னு சொல்லிகீது. ஒனக்கு வோணும்னா அவளாண்ட போயி கேளு" என்று அம்மாவின் பெயரைச் சொல்லி அவர் பதில் கொடுத்ததாக அம்மாவே வந்து சொன்னார். ஒருவரும் என்னிடம் வந்து கேட்கவில்லை. ஆனால் மறு வருடம் இன்னும் சில கொட்டகைகளில் பாதியோடு நிறுத்தினார்கள். மாடு விழுந்தது என்ற அழைப்பு குறைந்தது. நரம்பில் நான் போட்ட பாட்டில்களைவிட இதைத்தான் என் வேலை என்று சொல்லிக்கொள்வேன்.

என்னைக் கேட்ட பெண்ணுக்குச் சொல்கிறேன். தோலுக்கு அடியில் போடச் சொல்வது உன்னைக் குறைத்து மதிப்பிட அல்ல. கை அவசரப்பட்டு ஒரு மாடு செத்ததால் வந்த விதி அது. நரம்பைப் பிடிக்கக் கற்றுத் தரும்படி கேள். மறுத்தாலும் கேள். அதற்கு முன்பு நெஞ்சில் காதை வை.

சங்கம் மூடிய பிறகு எனக்குப் பால் குளிரூட்டும் நிலையத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவதாகச் சொன்னார்கள். நான் போகவில்லை. கன்னியம்மாள் வீட்டில் மனை போட ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். கொட்டகையை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து நேரே போய் மாட்டை எனக்குத் தரும்படி கேட்டேன். செவலை விழுந்த அன்று பக்கத்தில் கட்டியிருந்த கிடாரி வளர்ந்து, ஈன்று, அதன் மகள் இப்போது சினையாக நின்றிருந்தது.

"வெச்சிக் காப்பாத்துவியா? இப்போ புல்லு எங்க கீது?" என்றார்.

"எங்க கீதுன்னு எங்கம்மாவுக்குத் தெரியும்க்கா."

விலை பேசி, முன்வாசல் வழியாக ஓட்டி வந்தேன். அம்மா வாழ்நாள் முழுக்க ஊர் மாடுகளுக்கெல்லாம் புல் சுமந்தவர். சொந்த மாட்டுக்கு அறுத்த முதல் கட்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, திரும்பிப் போகாமல் அது தின்று முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

போன வாரம் ஈன்றது. கிடாரி. சீம்பால் கறந்து ஒரு சின்னச் செம்பில் ஊற்றி, முதலில் கன்னியம்மாள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் மூடியைத் திறந்து பார்த்தார்.

"இன்னாமே, இவ்ளோதானா?"

"மீதி மடியில கீதுக்கா" என்றேன்.